படகுப் பொறியும் பொறி தெறிக்குங் காலமும்

பொறி என்பது நம் மொழியிற் பலபொருள் குறித்த ஒரு சொல். நெருப்பினின்று தெறிக்கும் துகளும் பொறி, யந்திரமும் பொறி, ஒன்றன்மேல் வெட்டிய அடையாளமும் பொறி. ஐம்பொறி யென்னும் வழக்கை ஈண்டு விடுப்போம். ஏனை மூன்று பொருளும் ஒருங்கே கூடிய கருவி ஒன்று உண்டோவெனின், உண்டு. படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டி ஓட்டப்படுவதும், நம் கடற்கரையார் 'அவுட்போர்டு' என வழங்குவதுமாகிய மோட்டாரே அஃது. அப்பொறியினுள், வெட்டிய பொறிக்கு நேராக, மின்பொறி தெறித்தல் வேண்டும். அது சிறிது முந்தினும் கேடு, பிந்தினும் கேடு. இக்கால அளவை மனிதன் எங்ஙனம் கைக்கொண்டான் என்பதே நாம் சொல்லப் புகுந்த சரித்திரம்.

இம்மோட்டாரின் வரலாறு கூறுவார் பலரும் ஐஸ்கிரீம் கதை யொன்றனையே கூறி அமைவர். நார்வே நாட்டில் 1877ஆம் ஆண்டிற் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவிற் குடியேறி, மில்வாக்கி நகரில் யந்திரத் தொழில் செய்துவந்தவர் ஓலே எவின்ரூட். விஸ்கான்சின் மாகாணத்து ஒக்காச்சி ஏரியில் ஒரு கோடை நாளில், பெஸ் கேரி என்னும் நங்கை ஐஸ்கிரீம் வேண்டினாளாக, அவர் இரண்டரை மைல் துடுப்பு வலித்துச் சென்று வாங்கி மீண்டாராம். மீள்வதற்குள் அஃது உருகிப்போயிற்றாம். ஆதலின் படகு மோட்டார் பிறந்ததாம். கதை இனிது. அப்பெண்மணி பின்னர் அவர் மனைவியாகிக் கணக்கும் விளம்பரமும் தாமே நடத்தி அத்தொழிலை வளர்த்தார் என்பதும் மெய். ஆயினும் படகிற்கு வெளியே மோட்டார் மாட்டும் எண்ணம் அவருக்கு முன்னரே பிறருக்கு உதித்ததுதான். பாரிஸ் நகரத்து குஸ்தாவ் த்ரூவே 1881இலேயே மின்கலத்தால் ஓடுவதொன்றைப் படகில் மாட்டிக் காட்டினார். காமெரான் வாட்டர்மன் என்பார் 1905இல் டெட்ராய்ட் ஆற்றில் பெட்ரோல் மோட்டார் ஒன்றனைச் சோதித்து 1907இல் உரிமைப் பட்டயமும் பெற்றார். எண்ணம் பலருக்கு எளிதில் வரும். பொறியை உரிய கணத்தில் தெறிக்கச் செய்வதன்றோ அரிது? அவ்வருமையைத் தீர்த்தோர் பெயரைக் கதை சொல்வார் மறந்துவிடுகின்றனர்.

அருமை யாதெனின், கணக்கிட்டுக் காட்டுவோம். நிமிஷத்திற்கு 4,000 சுற்று ஓடும் மோட்டாரில் கிராங்க் ஷாப்ட் ஒரு வினாடியில் 24,000 பாகை சுழல்கின்றது. சிலிண்டரினுள் அடைபட்ட பெட்ரோல் ஆவியோ பொறி பட்டவுடனே முழுதும் எரிந்துவிடுவதில்லை. தீ பரவச் சிறிது காலம் வேண்டும். ஆதலின் பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே பொறியை இடல் வேண்டும். 30 பாகை முன்னர் இடினும், அந்த வேகத்தில் அது வினாடியில் எண்ணூற்றில் ஒரு பங்கே. அதே 30 பாகை 1,000 சுற்று வேகத்தில் நான்கு மடங்கு காலமாகின்றது. தீ முன்னரே பரவிவிட, ஏறி வரும் பிஸ்டன் எதிரறை வாங்குகின்றது. எனவே வேகத்திற்குத் தக்கவாறு பொறியின் காலமும் மாறுதல் வேண்டும். இதுவே சிக்கல்.

பழையோர் சிலிண்டரின் புறத்தே ஒரு குழாயை விளக்கினாற் காய்ச்சி, அச்சூட்டினால் ஆவியைக் கொளுத்தினர். டைம்லரின் முதல் யந்திரங்கள் அத்தகையன. அவற்றில் காலம் என்பது மனிதன் கையில் இல்லை, தீப்பற்றும்போது பற்றும். கார்ல் பென்ஸ் மின்கலமும் கம்பிச்சுருளும் கொண்டு முயன்றார். சிக்கல்களுக்கெல்லாம் தலையாயது இப்பொறியிடுதலே என அவர் கருதினார். ஸ்டுட்கார்ட் நகரத்து ராபர்ட் பாஷ் பட்டறையில், மின்கலமின்றிக் காந்தத்தாலேயே மின்சாரம் உண்டாக்கும் மாக்னெட்டோ 1887 முதற்கொண்டு செய்யப்பட்டது. ஆயினும் அதன் பொறி சிலிண்டரினுள் அசையும் உறுப்புக்கள் பிரிதலால் உண்டாவதாகலின் மிக்க வேகத்திற்கு ஈடுகொடுக்கவில்லை. 1902இல் அங்கே பணிபுரிந்த காட்லோப் ஹானால்ட், ஒரே இரும்பின்மேற் சில சுற்றுக்கள் தடித்த கம்பியும் பல சுற்றுக்கள் மெல்லிய கம்பியும் சுற்றி, தடித்த கம்பியின் மின்னோட்டத்தை ஒரு சிறு விசையால் திடீரெனத் துண்டித்தார். துண்டித்த கணமே மெல்லிய கம்பியில் மிகையழுத்த மின்சாரம் எழுந்து, அசைவற்ற ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாவியது. அச்சிறு விசையே பின்னர் 'பாயிண்ட்' எனப்பட்டது. அது திறக்கும் கணமே பொறி தெறிக்கும் கணம். உலகின் சிறு யந்திரங்களெல்லாம் ஹானால்டுக்குக் கடன்பட்டவை. அவரைப் பற்றி ஐஸ்கிரீம் கதை யாதும் இல்லாமை அவர் குற்றமன்று.

நிற்க. எவின்ரூட் 1909இல் விற்கத் தொடங்கிய மோட்டார் ஒன்றரைக் குதிரைச் சக்தியும் 62 பவுண்டு எடையும் உடையது. விலையும் 62 டாலர். பொறிக்கு வேண்டும் மின்சாரம் படகினுள் வைத்த மின்கலங்களிலிருந்து வந்தது. நீர் பட்டாற் கெட்டது. அக்காலத்து மோட்டார்களில் பொறியின் காலத்தை மாற்றும் பிடி ஓட்டுவான் கையிலேயே இருந்தது. பிளைவீல் என்னும் மேற்சக்கரத்தின் விளிம்பில் நின்ற குமிழைப் பற்றிச் சுழற்றியே மோட்டாரைத் தொடக்குவர். பிடியைப் பின்தள்ளி வைக்க மறந்தானாயின், மெல்லச் சுழலும் பிஸ்டனை முந்திய பொறி எதிர்த்தடிக்கும். சக்கரம் மறித்துச் சுழன்று குமிழ் விரல்களைத் தாக்கும். 'விரல்முட்டி உடைப்பான்' என அமெரிக்கர் அதற்கிட்ட பெயர் நகைப்பிற்காகவன்று. எனினும் இக்கேட்டினின்றே ஒரு நன்மையையும் கண்டனர். இவ்விரு வீச்சு மோட்டார் எப்பக்கமும் சுழல வல்லதாகலின், வேகத்தைத் தணித்துப் பொறியை வேண்டுமென்றே முந்தவிட்டுப் படகைப் பின்னோக்கிச் செலுத்தினர். கைதேர்ந்தாருக்கு அது வித்தை, மற்றையோருக்கு அபாயம்.

மனைவியின் உடல்நலங் கருதி 1914இல் தொழிலை விற்றுவிட்ட எவின்ரூட், சில ஆண்டு கழித்து மீண்டு, அலுமினியத்தால் இரட்டைச் சிலிண்டர் மோட்டார் செய்து 'எல்டோ' என்னும் பெயரால் 1921இல் விற்றார். எடை 48 பவுண்டு. சக்தியோ முன்னதற்கு இரட்டிப்பு. மாக்னெட்டோவின் பொறி மெல்லச் சுழலுங்கால் நலிவுறும். மின்கலத்தின் பொறியோ எவ்வேகத்தும் ஒரே வலிவுடையது. ஆகையால் எல்டோவில் அவர் மின்கலத்தையே கொண்டார். சக்கரத்தைக் கால் சுற்றுச் சுண்டினாலே அது ஓடிற்று. மறு ஆண்டே இந்தியானா மாகாணத்து ஜான்சன் சகோதரர் 35 பவுண்டு எடையில் ஒன்றை வெளியிட்டனர். அதன் காந்தங்கள் பிளைவீலினுள்ளேயே அமைந்திருந்தன; மின்கலம் வேண்டா. முடிவில் நிலைத்தது இம்முறையே.

பிற்காலத்தார் செய்த சீர்திருத்தம், பொறியின் பிடியையும் கார்புரேட்டரையும் ஒன்றாகப் பிணைத்தமை. காயிலும் பாயிண்டும் தாங்கிய தட்டு திரும்பத் திரும்பப் பொறி முந்தும். அத்தட்டின் அடியிலுள்ள வளைவு கார்புரேட்டரின் உருளையைத் தள்ளி ஆவியையும் மிகுவிக்கும். ஒரு பிடியே இரண்டையும் ஆள்கின்றது. 1950களின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் இத்தகையன.

இவற்றைச் செப்பஞ் செய்வார் கவனிக்க வேண்டுவது சில உண்டு. பிளைவீலைக் கழற்றுங்கால் உரிய இழுவைக் கருவியே வேண்டும். சுத்தியலால் அடித்தால் காந்தம் வலிவிழக்கும், ஷாப்டும் வளையும். பாயிண்ட் கட்டை வளைவின் உச்சிமேடு ஏறியபோது இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அஃதாவது 0.020 அங்குலம், இருக்குமாறு பீலர் கேஜால் அளந்து திருகல் வேண்டும். இடைவெளியே காலம் என்று அறிக. அகன்றால் பாயிண்ட் முந்தித் திறக்கும், குறுகினாற் பிந்தும். நாளடைவில் கட்டை தேயத் தேய இடைவெளி குறுகிப் பொறி பிந்துவதும், மோட்டார் வலிகுன்றிச் சூடேறுவதும், உடையவன் பெட்ரோலைக் குறை கூறுவதும் எங்கும் உள்ளதே. பொறி மிக முந்தினாலோ பிஸ்டனின் தலையே உருகித் துளைபடலாம். இரட்டைச் சிலிண்டராயின் பாயிண்டும் இரண்டு. இரண்டும் சரியாக அரைச்சுற்று இடைவிட்டுத் திறத்தல் வேண்டும். ஒன்று முந்தினால், ஒரு நுகத்திற் பூட்டிய காளைகளுள் ஒன்று முன்னிழுப்பது போல மோட்டார் நடுங்கும். விளக்குச் சோதனைக் கருவி இல்லாதார் பாயிண்ட் இடையே மெல்லிய தாள் துண்டொன்றைச் செருகி, மெல்ல இழுத்துக்கொண்டே சக்கரத்தைத் திருப்புவர். தாள் நழுவுங் கணமே திறக்குங் கணம். அக்கணத்தில் அடையாளக் கோடுகள் நேர்ப்பட்டுள்ளனவா என்று நோக்குவர். இவையெல்லாம் செய்தும் ஓடாதாயின், பிளைவீலுக்கும் ஷாப்டுக்கும் இடையேயுள்ள சிறு சாவியைப் பார்க்க. அது வெட்டுண்டால் சக்கரம் இடம்மாறிக் காலமெல்லாம் பிறழும்.

1970களில் பாயிண்ட் மெல்ல மெல்ல மறைந்து மின்னணு முறை அவ்விடத்தைக் கொண்டது. தேயுங் கட்டை இல்லையாகலின் திருகுவாருக்கும் வேலை குறைந்தது. எவின்ரூட்டும் ஜான்சனும் ஒருங்கு சேர்ந்த அந்நிறுவனம் 2000 டிசம்பரில் நொடித்தது. பின்னர் வாங்கியோர் 2020 மே மாதத்தில் எவின்ரூட் மோட்டார் செய்வதையே நிறுத்திவிட்டனர். பழைய மோட்டார்களுக்கு வேண்டும் பாயிண்டும் கண்டென்சரும் வேறு தொழிற்சாலைகள் இன்றும் செய்து விற்கின்றன.