எண்ணப்படாத சம்மதமும் எண்ணப்பட்ட வாக்கும்

1964 மே 27 அன்று ஜவஹர்லால் நேரு மறைந்தார். 1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரி மறைந்தார். இருபது மாதம்கூட நிறையாத இடைவெளியில் இந்தியாவின் பிரதமர் நாற்காலி இரண்டு முறை காலியானது. இரண்டு முறையும் குல்சாரிலால் நந்தாவே இடைக்காலப் பிரதமராகப் பதவியேற்றார். இரண்டு முறையும் பதின்மூன்று நாள் அந்தப் பொறுப்பில் இருந்தார். குடியரசுத் தலைவராக ராதாகிருஷ்ணன் இருந்தார். ஆளுங்கட்சியான காங்கிரஸின் தலைவராகக் காமராஜர் இருந்தார். பிரதமராக விரும்பி, கிடைக்காமல் போனவர் இரண்டு முறையும் மொரார்ஜி தேசாய்.

ஆட்கள் மாறவில்லை, தேர்ந்தெடுத்த முறை மட்டும் மாறியது. 1964இல் கட்சித் தலைவர் எல்லோரையும் கேட்டறிந்து ஒரு பெயரைச் சொன்னார். 1966இல் வாக்குப் பெட்டி வைத்தார்கள். இந்த இரண்டையும் பற்றிப் பேசுகிறவர்கள், முதல் முறை கட்சி ஒற்றுமையாக இருந்தது, அடுத்த முறை போட்டியில் இறங்கிவிட்டது என்று முடித்துவிடுவது வழக்கம். ஒற்றுமை உயர்ந்தது, போட்டி தாழ்ந்தது என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு கணக்கு தெரிகிறது.

எதிர்பார்த்த மறைவு, எதிர்பாராத மறைவு

நேருவுக்குப் பின் யார் என்ற கேள்வி அவர் உயிரோடு இருக்கும்போதே நாடெங்கும் எழுந்துவிட்டது. அமெரிக்கப் பத்திரிகையாளர் வெல்ஸ் ஹேங்கன் 1963இல் அந்தக் கேள்வியையே தலைப்பாக்கி ஒரு புத்தகம் வெளியிட்டார். சீனப் போரில் பட்ட அடிக்குப் பிறகு நேருவின் உடலும் செல்வாக்கும் தளர்ந்திருந்தன. மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற காமராஜர் திட்டம் அந்த ஆண்டுதான் வந்தது. ஆறு மத்திய அமைச்சர்களும் ஆறு முதல்வர்களும் பதவி விலகினார்கள். காமராஜரும் 1963 அக்டோபர் 2 அன்று சென்னை மாகாண முதல்வர் பதவியிலிருந்து இறங்கினார். விலகிய மத்திய அமைச்சர்களில் மொரார்ஜியும் உண்டு, சாஸ்திரியும் உண்டு.

1964 ஜனவரியில் புவனேஸ்வர் மாநாட்டின்போது நேருவைப் பக்கவாதம் தாக்கியது. அந்த மாநாட்டில்தான் காமராஜர் அகில இந்தியத் தலைவராக அமர்ந்தார். அதே மாதம் சாஸ்திரி இலாகா இல்லாத அமைச்சராகத் திரும்ப அழைக்கப்பட்டார். மொரார்ஜிக்கு அழைப்பு வரவில்லை. தன் வாரிசு இன்னார் என்று நேரு வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைக் கட்சிக்காரர்கள் புரிந்துகொண்டார்கள்.

1966இல் அப்படி எந்த முன்னேற்பாடும் இல்லை. சாஸ்திரிக்கு வயது 61தான். பாகிஸ்தானோடு நடந்த போருக்குப் பிறகு அவர் மதிப்பு உச்சத்தில் இருந்தது. ஜனவரி 10 அன்று அயூப் கானோடு தாஷ்கண்ட் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர், அன்று நள்ளிரவு தாண்டியதும் மாரடைப்பில் போய்விட்டார். பொதுத் தேர்தலுக்கு ஓராண்டுதான் இருந்தது. ஒருமித்த பெயர் மெல்லக் கனிந்துவர அங்கே நேரமில்லை.

கேட்டறிந்த விதம்

பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று சொல்வதோடு அரசியல் சட்டத்தின் 75ஆம் பிரிவு நின்றுவிடுகிறது. ஆளுங்கட்சி தன் தலைவரை எந்த வழியில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆகவே வழியைக் கட்சிதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

1964 மே 31 அன்று கூடிய காங்கிரஸ் காரியக் கமிட்டி, கட்சியின் கருத்தைக் கேட்டறியும் பொறுப்பைக் காமராஜரிடம் ஒப்படைத்தது. அவர் முதல்வர்களைக் கேட்டார், எம்.பி.க்களைக் கேட்டார், மூத்தவர்களைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் எண்ணத்தை வெளியே விடாமல் இருப்பது அவருடைய இயல்பு. 'பார்க்கலாம்' என்ற ஒரு சொல்லே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பெரும்பாலோர் சாஸ்திரியை விரும்புகிறார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஜூன் 2 அன்று காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சி கூடியது. நந்தா சாஸ்திரியின் பெயரை முன்மொழிந்தார், மொரார்ஜி வழிமொழிந்தார். ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஜூன் 9 அன்று சாஸ்திரி பதவியேற்றார்.

நேரு போனால் இந்தியா சிதறிவிடும் என்று எழுதியவர்கள் வெளிநாடுகளில் பலர் இருந்தார்கள். பதினைந்து நாளுக்குள், ஒரு கல்லும் விழாமல், ஆட்சி கைமாறியது. அதை நினைத்து இன்றும் நாம் பெருமைப்படலாம். ஆனால் சாஸ்திரிக்கு எத்தனை பேர், மொரார்ஜிக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கை காமராஜரின் மனத்துக்குள் மட்டுமே இருந்தது. அவர் நேர்மையானவர் என்பதால் நாடு அதை நம்பியது. தேர்வின் நம்பகத்தன்மை முழுதும் ஒரு தனிமனிதரின் நாணயத்தில் தங்கியிருந்தது.

எண்ணிப் பார்த்த விதம்

1966இலும் போட்டியில்லாமல் முடிக்கவே காமராஜர் விரும்பினார். அவரையே பிரதமராகச் சொன்னவர்களும் உண்டு. இந்தியும் ஆங்கிலமும் சரளமாகப் பேச வராத தான் அந்த இடத்துக்கு ஏற்றவனல்ல என்று அவர் மறுத்துவிட்டார். தனக்கு எட்டிய பதவியைத் தன் குறையைத் தானே சொல்லி ஒதுக்கிய அந்தப் பெருந்தன்மைக்கு நம் அரசியலில் இணை தேடுவது கடினம்.

மொரார்ஜி இந்த முறை வழிமொழிய வரவில்லை. வாக்கெடுப்பு வேண்டும் என்று உறுதியாக நின்றார். மறுபக்கம், மத்தியப் பிரதேச முதல்வர் டி. பி. மிஸ்ரா முன்னின்று மற்ற முதல்வர்களைத் திரட்டினார். அவர்களில் பெரும்பாலோர் இந்திரா காந்தியை ஆதரித்தார்கள். வரும் தேர்தலில் யாருக்கு டிக்கெட் என்பதில் முதல்வர்களின் கை ஓங்கியிருந்ததால் அவர்கள் சொல்லுக்கு எம்.பி.க்களிடம் கனம் இருந்தது. ஜனவரி 19 அன்று நாடாளுமன்ற மைய மண்டபத்தில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169. பிரதமர் பதவிக்காக ஆளுங்கட்சி இப்படி வாக்கு எண்ணியது அதுவே முதல் தடவை. ஜனவரி 24 அன்று இந்திரா பதவியேற்றார்.

முதல்வர்களின் அழுத்தம் இருந்தது, டிக்கெட் கணக்கு இருந்தது. இவ்வளவையும் மீறி, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். அந்த 169 என்ற எண்ணை எவராலும் மறைக்க முடியவில்லை.

எதைத் தேடினார்கள்?

முறையில் 1966 தெளிவாக முன்னேறியது. தேர்வுக்கான காரணத்தில் அது பின்வாங்கியது.

மொரார்ஜி வந்துவிடக் கூடாது என்ற எண்ணம் இரண்டு தேர்விலும் வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1963 அக்டோபரில் காமராஜர், நிஜலிங்கப்பா, சஞ்சீவ ரெட்டி, அதுல்ய கோஷ் ஆகிய காங்கிரஸ் தலைவர்கள் திருப்பதியில் கூடிப் பேசியதிலேயே அதற்கு வித்து இருக்கிறது. பிறகு 'சிண்டிகேட்' என்று பெயர் பெற்ற அணி அது. ஆனால் 1964இல் தடுப்பதற்கு மேல் ஒரு நோக்கமும் இருந்தது. சாஸ்திரி எதிரிகளைச் சேர்த்துக்கொள்ளாதவர். 1956 நவம்பரில் அரியலூரில் நடந்த ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்தவர். அந்தக் குணத்தை நம்பித்தான் கட்சி அவரிடம் போனது.

1966இல் அந்த நம்பிக்கையின் இடத்தில் வேறு கணக்குகள் வந்தன. இந்திராவுக்கு நேருவின் மகள் என்ற பெயர் இருந்தது. நாடெங்கும் முகம் தெரிந்தவர். எந்த ஒரு மாநிலத்துக்கும் உரியவராக அவரை யாரும் நினைக்கவில்லை. 1965 பிப்ரவரியில் சென்னை மாகாணம் இந்தி எதிர்ப்பில் எரிந்தபோது, தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த அவர் நேரில் வந்து பார்த்தார். மத்திய அமைச்சர்களான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்த நாள்கள் அவை. இந்தியில் பிடிவாதம் உள்ளவர் என்று பெயரெடுத்த மொரார்ஜியைவிட இந்திரா தெற்குக்கு ஏற்றவர் என்று காமராஜர் நினைத்திருந்தால் அதில் நியாயம் உண்டு. இவை நல்ல காரணங்கள். ஆனால் அவரை முன்னிறுத்திய பெரியவர்கள் பலரின் உள்ளத்தில் முதலிடம் பிடித்தது இவையல்ல. சொன்னால் கேட்பார், நம் சொல்படி நடப்பார் என்ற எதிர்பார்ப்பே அங்கே நின்றது. எதிர்க்கட்சியில் இருந்த ராம் மனோகர் லோகியாகூட அவரை ஊமைப் பொம்மை என்றுதான் எள்ளினார். திறமைக்காக ஒருவரைத் தேர்வதும், பலவீனம் என்று நாம் எண்ணிக்கொண்ட ஒன்றுக்காக ஒருவரைத் தேர்வதும் ஒன்றல்ல.

அந்தக் கணக்கு தப்பு என்று தெரிய ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்தது 7 ரூபாய் 50 காசானது. கட்சித் தலைவர் காமராஜர் அதை விரும்பவில்லை. அவர் விருப்பத்துக்காக அரசு காத்திருக்கவும் இல்லை.

தோற்றவருக்கு என்ன இடம்?

ஒரு தேர்வு முறையின் தரத்தை அறிய, வென்றவரைப் பார்ப்பதைவிடத் தோற்றவரைப் பார்ப்பது நல்லது.

1964இல் மொரார்ஜி தோற்றார் என்றே சொல்ல முடியாது, அவர்தான் வழிமொழிந்தவர். ஆனால் சாஸ்திரியின் அமைச்சரவையில் அவர் இல்லை. நந்தாவுக்குக் கொடுத்த இரண்டாம் இடத்தை அவர் எதிர்பார்த்தார். அது கிடைக்காததால் வெளியே நின்றார். அவரை விரும்பிய எம்.பி.க்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாததால், அவர்களுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்ற கேள்வியே எழவில்லை.

1966இல் அவர் வெளிப்படையாகத் தோற்றார். ஆனால் 169 என்ற எண் அவர் கையில் இருந்தது. 1967 தேர்தலில் மக்களவையில் காங்கிரஸின் பலம் 361இலிருந்து 283 ஆகச் சரிந்தபோது, அந்த அணியை ஒதுக்கிவிட்டு ஆட்சி நடத்த முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்தது. காமராஜர் மீண்டும் சமரசம் பேசினார். இந்திரா ஏகமனதாகத் தலைவரானார். மொரார்ஜி துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் உள்ளே வந்தார். 1964இன் ஏகமனம் அவரை வெளியே விட்டது. 1966இல் எண்ணப்பட்ட வாக்கு, அடுத்த ஆண்டின் ஏகமனத்துக்குள் அவருக்கு இடம் வாங்கிக் கொடுத்தது. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். எதிர்ப்பை எண்ணிவிட்டால் அதனோடு பேரம் பேசலாம். எண்ணாத எதிர்ப்பு மனக்குறையாகவே தங்கிவிடும்.

தேர்ந்தெடுத்தவர்களுக்கு என்ன ஆனது?

1967இல் காமராஜர் தன் சொந்த ஊரான விருதுநகரிலேயே தி.மு.க.வின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் தோற்றார். சிண்டிகேட்டின் எஸ். கே. பாட்டீலும் அதுல்ய கோஷும் தோற்றார்கள். தலைவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மக்களிடம் பலமிழந்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்டவர் தன் பலத்தைத் தேடிக்கொண்டார். 1969 ஜூலை 16 அன்று இந்திரா மொரார்ஜியிடமிருந்து நிதி இலாகாவை எடுத்துக்கொண்டார். மொரார்ஜி பதவி விலகினார். ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. நவம்பரில் கட்சி இந்திராவையே நீக்கியது. காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. ஏறக்குறைய நான்காண்டுக்கு முன் வாக்கெடுப்பில் எதிரெதிராக நின்ற காமராஜரும் மொரார்ஜியும் இந்திராவின் எதிரணியான ஸ்தாபன காங்கிரஸில் ஒன்றாக அமர்ந்தார்கள்.

இந்த உடைவுக்கு 1966இன் வாக்கெடுப்பைக் குற்றம் சொல்வது சரியல்ல. ஒருவரை அடக்கி வைக்கலாம் என்று நம்பித் தேர்ந்தெடுத்த மனப்போக்கே அதற்குக் காரணம். பெட்டிக்குள் விழுந்த வாக்குகள் நேர்மையானவை. பெட்டிக்கு வெளியே போட்ட கணக்குத்தான் பிசகியது.

தீர்ப்பு

இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் என் முடிவு இது. காரணத்தில் 1964 உயர்ந்தது. முறையில் 1966 உயர்ந்தது. 1964இல் காமராஜர் எல்லோருக்கும் காது கொடுத்தார்; அந்தப் பொறுமை எந்தத் தேர்வுக்கும் தேவை. ஆனால் கேட்டதை எண்ணிக் காட்டவும் வேண்டும். காமராஜரைப் போன்ற ஒருவர் கிடைக்கும்போது எண்ணாத சம்மதம் நன்றாகவே நடக்கும். எல்லாக் காலத்திலும் காமராஜர் கிடைப்பாரா?

கிடைக்கவில்லை என்பதைப் பின்வந்த வரலாறு சொல்கிறது. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மாலையே ராஜீவ் காந்தி பிரதமராகப் பதவியேற்றார். ஒரு சில தலைவர்கள் முடிவு செய்தார்கள். காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சி அதற்குப் பிறகுதான் ஒப்புதல் கொடுத்தது. 1964இன் கேட்டறிதலும் இல்லை, 1966இன் வாக்கெடுப்பும் இல்லை. தலைவரை மேலிடம் முடிவு செய்யும் என்று ஒருவரித் தீர்மானம் போட்டுக் கலைந்து போகும் வழக்கம் இன்று பல கட்சிகளுக்குப் பொதுவாகிவிட்டது.

ஆளுங்கட்சி தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் கட்சிக்காக மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. நமக்கெல்லாம் ஒரு பிரதமரைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த நேரத்தில் நமக்கு ஓட்டு இல்லை. ஓட்டு உள்ளவர்களாவது ஓட்டுப் போட வேண்டும், அது எண்ணப்பட வேண்டும், எண்ணிக்கை வெளியே வர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 1966 ஜனவரி 19 அன்று ஒரு முறை அது நடந்தது. நடக்கக்கூடிய காரியம்தான்.