மலைக்கணக்கை எழுதியவர்கள்

தொழில் தொடங்கக் கடன் கேட்டுப் போகிறவரிடம் வங்கி முதலில் கேட்பது தொழில் திட்டத்தை. மூலப்பொருள் எங்கிருந்து வரும், சரக்கை யாருக்கு விற்பது, செலவு போக எவ்வளவு மிஞ்சும் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை எழுதினால் அதுதான் திட்டம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றி வாழும் மலையாளிப் பழங்குடிகளைப் பற்றி நெடுங்காலமாக ஒரு பேச்சு உண்டு: அவர்களுக்கு நாளைய கணக்குப் போடத் தெரியாது. அவர்களின் சாமைக் கொல்லையே அந்தப் பேச்சுக்கு மறுப்பு. வளம் குறைந்த சரிவிலும் மழை பொய்த்த ஆண்டிலும் ஏதாவது கைக்கு வரும் பயிர் சாமை. உமியோடு சேமித்தால் பூச்சி எளிதில் அண்டாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். விதைக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு, மீதி சந்தைக்கு என்று பிரித்து வைப்பவரிடம் திட்டம் இல்லை என்று எப்படிச் சொல்வது? அவர்களிடம் இல்லாமல் போனது வேறு. திட்டத்தின் முதல் வரியான மூலப்பொருளும், இரண்டாம் வரியான விற்பனையும் நூறாண்டுக்கு மேலாகப் பிறர் கையில் இருந்தன.

இந்த நிலைக்கு வேர், 1882-இல் வந்த சென்னை வனச் சட்டம். காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டதும், அதுவரை வழக்கமாக எடுத்துவந்த தேனும் கடுக்காயும் புளியும் அனுமதி பெற்று எடுக்கும் பொருள்களாயின. சேகரிக்கும் உரிமை குத்தகைக்குப் போனது. பணம் கட்டிக் குத்தகை எடுத்தவர் சமவெளியிலிருந்து வந்த வியாபாரி. மரம் ஏறியவருக்குக் கிடைத்தது எடுப்புக் கூலி. கடுக்காயை எடுத்துக்கொள்வோம். வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் பதனிடும் தொழில் குரோமிய முறைக்கு மாறும்வரை ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் நம்பித்தான் நடந்தது. கடல் கடந்த ஒரு பெரிய ஏற்றுமதித் தொழிலின் மூலப்பொருள் விளைந்த இந்த மலையில், அதைப் பொறுக்கியவருக்கு அந்தச் சந்தையின் விலை தெரிய வழியில்லை. சந்தன மரத்தின் கதை இன்னும் கடுமையானது. இந்த மலையின் சந்தனத்தை வனத்துறை வெட்டித் திருப்பத்தூர்க் கிடங்கில் ஏலம் விட்டது. மலைக்காரர் தொட்டால் அது குற்றம். காலப்போக்கில் சந்தனமும் அருகியது. பிழைப்புக்காக மரம் வெட்டும் திறனோடு தரகர் பின்னால் ஆந்திரக் காடுகளுக்குப் போனவர்கள் பலர். 2015 ஏப்ரல் 7-இல் அங்கே சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களில் இந்த மலைப்பகுதியைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். வேறொருவர் போட்ட தொழில் கணக்கில் கூலியாக மட்டுமே இடம் கிடைத்தவர்களின் முடிவு அது.

கூட்டுறவு வந்ததே, அது போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1971-இல் மத்திய அரசின் பாவா குழு பரிந்துரைத்தபடி பழங்குடிப் பகுதிகளில் பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. கடன், ரேஷன், விளைபொருள் கொள்முதல் மூன்றும் ஒரே கூரையின்கீழ் வந்ததால் வட்டிக்கு முன்பணம் கொடுத்து விளைச்சலை வாரிக்கொண்ட வியாபாரியின் பிடி தளர்ந்தது. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றின் செயலாளர்கள் துறை அதிகாரிகள். எதை எவ்வளவுக்கு வாங்குவது என்ற முடிவும் மேலிருந்தே வந்தது. கணக்குப் புத்தகம் மலைக்கு ஏறிவந்தது, பேனா ஏறிவரவில்லை.

பேனா கைமாற இரண்டு சட்டங்கள் வழிவிட்டன. ஒன்றின்படி, 2003 முதல் விவசாயிகள் 10 பேர் சேர்ந்தாலே உற்பத்தியாளர் நிறுவனத்தைப் பதிவு செய்து தாங்களே பங்குதாரர் ஆகலாம். மற்றொன்றான 2006-இன் வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருளுக்குச் சேகரிப்பவரையே உரிமையாளர் ஆக்கியது. தமிழ்நாட்டில் நீதிமன்ற ஆணையால் 2008 முதல் 2016 வரை உரிமைச் சான்று வழங்குவது முடங்கிக் கிடந்ததை இங்கே மறக்கக் கூடாது. காடு யாருடையது என்று தீராத நிலையில் தேனை மூலப்பொருளாகக் காட்டி எந்தத் திட்டத்தை எழுதுவது? அடுத்து, 10,000 உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் 2020-இன் மத்திய அரசுத் திட்டம், மலைப்பகுதியில் 100 உறுப்பினர் இருந்தாலே போதும் என்றது. நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டில் 18 லட்சம் ரூபாய் வரை தந்தது.

இங்கேதான் என் கவலை. உதவித்தொகைக்காக ஆலோசகர் எழுதித் தரும் திட்டத்தில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால், அது பழைய குத்தகைச் சீட்டின் புதிய பிரதி. படிப்பறிவு குறைந்தவர் எப்படித் திட்டம் எழுதுவார் என்பவர்கள், எழுதுவதையும் தீர்மானிப்பதையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். எழுத்தருக்குக் கூலி கொடுத்துவிடலாம். சாமையை உமியோடு விற்பதா, மலையிலேயே உமி நீக்கி அரிசியாக விற்பதா என்ற முடிவை வாடகைக்கு வாங்க முடியாது. உரலில் சாமை குத்திய பெண்களுக்கு அந்த உழைப்பின் விலை தெரியும். இயந்திரம் எத்தனை மூட்டை அரைக்கும் என்பதற்கு முன்னால், அந்த ஆண்டு எத்தனை மூட்டை வீட்டுக்கும் விதைக்கும் நிற்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்ல, அது திட்டத்தின் முதல் பக்கத்தில் ஏற வேண்டும். வங்கிக்குப் போகும் முன் அந்தக் காகிதத்தை ஒரு முறை ஊர்க்கூட்டத்தில் தமிழில் உரக்கப் படித்துக் காட்டட்டும்.