சத்தமான காரில் கூச்சம் இல்லை

தை மாசம் பெருமாள் கோயில்ல வாழைப்பழம் சூறைவிடுற திருவிழாவுக்காக, பெங்களூருல இருந்து எங்க சேவுகம்பட்டிக்குக் கிளம்பினேன். திண்டுக்கல் வரைக்கும் முன்பின் தெரியாத மூணு பேரோட கார்பூல். கண்ணாடியை ஏத்திட்டா வெளிச்சத்தமே இல்லாத கார். அம்மாகிட்ட நான் போன்ல போட்ட சண்டையை மொத்த வண்டியும் கேட்டுச்சு. இனி பஸ்ஸே போதும்னு ஆயிடுச்சு.

அம்பாசடர் காலத்துல இந்தச் சிக்கல் இல்லை. முன்னால ஒரே நீள சீட். கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல இருந்ததால, டிரைவரோட மூணு பேர் நெருக்கி உட்காரலாம். 1980 வாக்கில் டீசல் எஞ்சின் வந்ததும் ஓட்டுற செலவு குறைந்தது, தடதடப்பு கூடியது. வத்தலக்குண்டு ரோட்டுல அப்படிப் போன எங்க அப்பா சொல்வார்: "பக்கத்துல இருக்கிறவன் பேச்சே கேட்காதுடா, அப்புறம் என்ன கூச்சம்?"

1983-ல் வந்த மாருதி 800-ல் முன்னால தனித்தனி சீட், நடுவுல கியர். மூணாவது ஆளுக்கு இடமே கிடையாது.

அமைதியான காரில் அந்நியரோட போறது ஐரோப்பாவிலும் சங்கடம்தான் போல. 2006-ல் பிரான்சில் தொடங்கி, 2015-ல் இந்தியா வந்த பிளாபிளாகார், ஒருத்தர் எவ்வளவு பேசுவார்னு முன்கூட்டியே குறிக்கச் சொன்னது: பிளா, பிளாபிளா, பிளாபிளாபிளா. பேரே அதுல இருந்து வந்ததுதான்!

திரும்பும்போதும் கார்பூல்தான், பஸ்ல டிக்கெட் இல்லை. ஏறினதும் எஃப்எம்மைக் கொஞ்சம் சத்தமா வைக்கச் சொன்னேன்.