மூன்று நீர் கூடும் முகத்துவாரம்

சென்னையின் வெள்ளக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மழையளவில் தொடங்கி ஏரித் திறப்பில் முடித்துவிடுகிறார்கள். ஆறும் ஏரியும் பொதுப்பணித் துறையிடம், தெரு மழைநீர் மாநகராட்சியிடம், கடல்மட்டம் துறைமுகப் பதிவேட்டில் என்று கணக்குகள் நெடுங்காலம் பிரிந்தே கிடந்தன. ஆனால், கடல்மட்டத்திலிருந்து சராசரியாக 7 மீட்டர் உயரம்கூட இல்லாத தட்டை நிலம் இது. இங்கே எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதோடு, ஆற்று நீரும் ஊர் மழையும் கடலேற்றமும் ஒரே நேரத்தில் முகத்துவாரத்தில் மோதுகின்றனவா என்பதும் வெள்ளத்தைத் தீர்மானிக்கிறது. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நாம் செய்த வேலைகள் அந்த மோதலை எளிதாக்கிவிட்டன.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துச் சங்கிலி ஏரிகள் பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. வெள்ளத் தடுப்பு அவற்றின் நோக்கமல்ல. ஆனாலும் ஓர் ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, அடுத்த ஏரியை நிரப்பும் அந்த ஒழுங்கு, மேட்டுநில மழை கடலோரத்தை எட்டுவதைத் தாமதப்படுத்தியது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தெற்கே வந்த நீரை வாங்கி வைத்து, ஒக்கியம் மடுவு வழியே மெல்ல விட்டது. 1920-களில் மாம்பலத்தின் நெடிய ஏரி தியாகராய நகருக்காக வற்றவைக்கப்பட்டது. பின்னாளில் பள்ளிக்கரணையில் குப்பைமேடும் கட்டடங்களும் பரவின. தாமதம் குறைந்தது. வெளியேறும் வாயோ அதற்கும் முன்பே குறுகத் தொடங்கியிருந்தது. 1876-இல் துறைமுகப் பணி தொடங்கி அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அவற்றின் தெற்கே தேங்கியது. மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் கடல் அரித்தது, கூவத்தின் வாயை மணல்திட்டு அடைத்தது. பஞ்ச நிவாரண வேலையாக 1877-78-இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பக்கிங்காம் கால்வாயில், பிற்காலத்தில் பறக்கும் ரயிலின் தூண்கள் இறங்கின.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம் ஏரியின் திறப்புதானே காரணம், கடல் எங்கே வந்தது என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. நவம்பர் 25 பௌர்ணமியின் பெரிய கடல் ஓதம் அப்போது தணிந்திருந்தது. நொடிக்கு 29,000 கன அடி நீர் ஏரியிலிருந்து திறக்கப்பட்டதும், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியதும், உடைந்த ஏரிகளின் நீரும் அடையாற்றில் ஒன்றுசேர்ந்தன. கடல் முழுப் பலத்தோடு எதிர்த்து நிற்காதபோதே நகரம் அப்படி மூழ்கியது என்பதுதான் கவலைக்குரியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு எதிரே கடலில் மெதுவாக நகர்ந்தபோது, மழை கொட்டிக்கொண்டிருக்கையிலேயே கடலும் கொந்தளித்து உயர்ந்து, ஆறுகள் வடிவதை மந்தமாக்கியது.

சென்னையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிய ஏற்ற நாள்களிலும் ஏறக்குறைய 1 மீட்டர்தான், ஆறு, மழை, கடல் மூன்றும் சேர்வதும் அரிது என்பது இன்னொரு மறுப்பு. தட்டை நிலத்தில் அரை மீட்டர் உயர்வே பெரிது: வடிகாலின் வாய் மூழ்கினால் தெருவில் பெய்த மழை தெருவிலேயே நிற்கும். அரிது என்ற கணக்கும் பிழையானது. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழையும் அதே அளவு அரிதான கடலேற்றமும் தொடர்பற்றவை என்றால், ஒரே ஆண்டில் இரண்டும் வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. ஆனால் இரண்டையும் கொண்டுவருவது ஒரே புயல். அதோடு, இந்தக் கரையில் ஆண்டின் உயர்ந்த கடல்மட்டமும் வடகிழக்குப் பருவமழையின் மாதங்களில்தான் அமைகிறது.

2015-க்குப் பிறகு தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும் ஐ.ஐ.டி.களும் சேர்ந்து உருவாக்கிய 'சி-ஃப்ளோஸ்' எச்சரிக்கை அமைப்பு மழை, ஆறு, ஓதம், புயலின் கடலேற்றம் அனைத்தையும் ஒரே கணினி மாதிரியில் வைத்துக் கணக்கிடுகிறது. ஆக்கிரமிப்பை அகற்றித் தூர்வாரினால் போதும், மாதிரி எதற்கு என்பவர்கள் உண்டு. தூர்வாருவது கட்டாயம். ஆனால் எந்த வாயை எவ்வளவு ஆழம் வெட்டுவது, கடல் இறங்கும் எந்த மணியில் ஏரியைத் திறப்பது என்பதை மண்வெட்டி சொல்லாது. அந்தக் கணக்கை எச்சரிக்கையோடு நிறுத்திவிடாமல், சதுப்பு ஓரத்திலும் ஆற்றுக் கரையிலும் கட்டட அனுமதி தருவதற்கான சட்ட அளவுகோலாகவும் ஆக்க வேண்டும். ஏரிகள் தந்துவந்த தாமதத்தை நாம் அழித்துவிட்டோம். அதைத் திட்டமிட்டு மீட்டுத் தருவது நம் கடமை.