முதல் நாளில் எழுதிவைத்தது

1915 ஒக்ரோபரில் மெல்பேர்ணைச் சேர்ந்த இருபத்துமூன்று வயதுப் பெண்ணொருவர் கெய்ரோவுக்கு வந்து சேர்ந்தார். பெயர் வேரா டீக்கின். அவுஸ்திரேலியாவின் இரண்டாவது பிரதமர் அல்பிரட் டீக்கினின் இளைய மகள். கலிப்பொலியில் சண்டை ஓயவில்லை. இங்கே வீடுகளுக்கு 'காணவில்லை' என்று ஒரு வரித் தந்தி போகும். பிறகு மாதக்கணக்கில் எந்தச் செய்தியும் வராது. இராணுவத்திடம் கேட்டால், விசாரிக்கிறோம் என்ற அதே பதில்தான். அந்த மௌனத்துக்குள் ஒரு மேசையைப் போட்டு அமர்ந்தார் வேரா. செஞ்சிலுவைச் சங்கத்தின் 'காயமுற்றோர், காணாமற்போனோர் விசாரணைப் பணியகம்' அப்படித்தான் தொடங்கியது. அதே ஆண்டில் சிட்னியிலும் இதே வேலைக்கென ஒரு பணியகம் இயங்கியது. அதை அமைத்தவர் லாங்கர் ஓவன் என்ற வழக்கறிஞர். சாட்சியம் எது, வதந்தி எது என்று பிரித்துப் பழகியவர் கையில் இந்த வேலை போய்ச் சேர்ந்தது பொருத்தம்தான்.

அந்தப் பணியகத்தின் கோப்புகள் ஏறத்தாழ 32,000. அவற்றைக் கன்பராவிலுள்ள போர் நினைவகம் இணையத்தில் இட்டிருக்கிறது; யாரும் படிக்கலாம். தரவுகளோடு மாரடிப்பது என் தொழில் என்பதால், முதலில் அவற்றின் ஒழுங்கைத்தான் கவனித்தேன். ஒரு தாய் கடிதம் போடுகிறார். உடனே பெயர், படை இலக்கம், பிரிவு, கடைசியாகக் கண்ட நாள் எல்லாம் பதிவாகின்றன. பட்டியலை எடுத்துக்கொண்டு தொண்டர்கள் மருத்துவமனைகளுக்கும் முகாம்களுக்கும் போகிறார்கள். அதே பிரிவில் இருந்த காயக்காரரின் கட்டிலருகே அமர்ந்து கேட்கிறார்கள்: நீங்கள் நேரில் கண்டீர்களா, வேறொருவர் சொன்னாரா? அந்த ஆள் எவ்வளவு உயரம், தலைமயிர் என்ன நிறம், பட்டப்பெயர் என்ன, முன்பு என்ன தொழில்? அங்கஅடையாளம் பொருந்தாவிட்டால் அது அதே பெயருள்ள வேறொருவராக இருக்கலாம். சொன்னவரின் பெயர், இடம், திகதியோடு பக்கம் முடிகிறது.

ஒரே கோப்பில் ஒருவர் ஷெல்லில் சிதறிப்போனார் என்றொரு சாட்சியமும், அவரைக் கைதியாகக் கொண்டுபோனதைக் கண்டேன் என்று இன்னொன்றும் இருக்கும். எழுதியவர்கள் இரண்டையும் அப்படியே வைத்தார்கள். எது உண்மை என்று தாங்களாக முடிவெடுத்து மற்றதைக் கிழித்துப் போடவில்லை. மூலத் தரவை அழிக்காதே என்று என் தொழிலில் புதிதாக வருபவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. தட்டச்சும் மைப்பேனாவும் வைத்திருந்த அந்தப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அந்த ஒழுங்கின் பலன் தொண்ணூறு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 1916 யூலை 19 இரவு, வட பிரான்சின் புரோமெல் கிராமத்தருகே, ஒரே இரவில் 5,533 அவுஸ்திரேலியர்கள் இறந்தோ காயமுற்றோ பிடிபட்டோ போனார்கள். அவர்களில் பலருக்குக் கல்லறையே இல்லை. மெல்பேர்ணைச் சேர்ந்த லாம்பிஸ் எங்லெசோஸ் என்ற ஆசிரியர் கணக்குப் பார்த்தார். காணாமற்போனோர் தொகையும் இருக்கின்ற புதைகுழிகளின் தொகையும் ஒத்துவரவில்லை. அவரும் கூட்டாளிகளும் பழைய கோப்புகளைக் கிளறினார்கள். ஒரு லெப்டினன்டின் செஞ்சிலுவைக் கோப்பில், ஜேர்மன் தரப்பிலிருந்து வந்த பதிலொன்று இருந்தது: பெசன்ற் வுட் என்ற சிறு காட்டருகே தோண்டிய பெருங்குழிகளில் ஒன்றில் அவர் புதைக்கப்பட்டிருக்கலாம். 2008இல் அங்கே தோண்டிப் பார்த்தார்கள். மறு ஆண்டு 250 உடல்கள் வெளியே எடுக்கப்பட்டன. மரபணுப் பரிசோதனையால் இதுவரை 170க்கும் மேற்பட்டோருக்குப் பெயர் திரும்பக் கிடைத்திருக்கிறது.

விரைவாகத் தேடு என்கிறோம். தேடலில் விரைவு எங்கே வேண்டும் என்பதை இந்தக் கதை எனக்குக் காட்டியது. கண்டுபிடிப்பதற்கு எத்தனை காலம் ஆகும் என்பது நம் கையில் இல்லை. கண்டவர் மறக்குமுன், இறக்குமுன், இடம்பெயருமுன் எழுதிவைப்பது நம் கையில் இருக்கிறது.

எங்கள் ஊர்க் கதைக்கு வருவோம். அங்கே இந்தப் பாடத்தை அப்படியே பொருத்த முடியாது. வேரா டீக்கினின் தொண்டர்கள் கேள்வி கேட்டதற்காக யாரும் அவர்களைச் சுடவில்லை. 1996 செப்ரெம்பர் 7, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பும்போது கைதடிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டார். செய்தி எட்டியதும் தாய், தம்பி, அயலவர் மூவரும் தாமதிக்காமல் தேடிப் போனார்கள். நால்வரும் கொல்லப்பட்டார்கள். ஒரு தாய் செய்யக்கூடிய மிக இயல்பான, மிக விரைவான தேடல் அதுதான். அதற்குக் கிடைத்த பதில் அது.

ஆனால் அந்த வழக்கு மூடுண்டு போகவில்லை. அவரை எந்தச் சாவடியில், எந்த நேரத்தில் மறித்தார்கள் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. அது கொழும்பு வரை போனது. சில வாரங்களில் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 1998 யூலையில் படையினருக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது, குற்றவாளிகளில் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் அங்கே தோண்டியபோது கிடைத்தவை 15. அதன்பிறகு கால் நூற்றாண்டு அமைதி.

இந்த இடைவெளியில் எங்கள் தாய்மார் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பொலிஸ், மனித உரிமை ஆணைக்குழு, செஞ்சிலுவை, 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகம் என்று ஒவ்வொன்றிலும் முதலிலிருந்து அதே கதை. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடம் மட்டும் 16,000க்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. ஆகவே பதிவே இல்லை என்று சொல்ல முடியாது. பதிவுகள் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றோடு ஒன்று பேசுவதில்லை. பல வீடுகளில் முறைப்பாட்டின் பிரதிகூட இல்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய தெருவோரப் போராட்டத்தில் அமர்ந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பெற்றோர் பதில் தெரியாமலே இறந்துவிட்டார்கள். ஒவ்வொரு மரணத்தோடும் ஒரு சாட்சியமும் போகிறது.

இந்த நாட்டில் ஒருவர் காணாமற்போனால் நிலைமை வேறு. ஆனாலும் எங்கள் ஆட்கள் தயங்குகிறார்கள். 24 மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்பது சினிமா தந்த நம்பிக்கை; அவுஸ்திரேலியாவில் அப்படியொரு விதியே இல்லை. கவலை தோன்றிய உடனேயே எந்தப் பொலிஸ் நிலையத்திலும் முறையிடலாம். உயிராபத்து என்றால் 000. ஆங்கிலம் கைகொடுக்காவிட்டால் 131 450 இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஞாபகமறதி உள்ள அப்பா நடக்கப் போய்த் திரும்பாதபோது, உறவினருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பவர்களை அறிவேன். 'ஊர் என்ன சொல்லும்' என்ற யோசனை அந்த ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடுகிறது.

கொண்டுபோக வேண்டியவை: அண்மைய படம், உடுத்திருந்த உடை, கைத்தொலைபேசி இலக்கம், எடுக்கும் மருந்துகள், வங்கி அட்டை, வழமையாகப் போகும் இடங்கள். எங்களுக்கென்று இன்னொன்றும் உண்டு. அது பெயர். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால் இருக்கும், மருத்துவ அட்டையில் பின்னால் இருக்கும், வீட்டில் கூப்பிடுவது மூன்றாவதாக இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு மாதிரி. ஆஸ்பத்திரிக் கணினியில் தேடும் தாதிக்கு எல்லா வடிவங்களையும் கொடுக்காவிட்டால், ஆள் உள்ளே படுத்திருந்தாலும் இல்லை என்றுதான் திரை காட்டும். 1915இலும் பொய்ப் பெயரில் படையில் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். ஈழத்தில் இயக்கப் பெயர் மட்டுமே தெரிந்த தோழர்கள் இருந்தார்கள்.

கடல் கடந்த தேடலுக்கு அவுஸ்திரேலியச் செஞ்சிலுவையின் குடும்பத் தேடல் சேவை இருக்கிறது. கட்டணம் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் காணாமற்போனவருக்கும் விண்ணப்பிக்கலாம்.

இது பழைய கணக்கு, இனி என்ன என்பவர்கள் 2025ஐப் பார்க்க வேண்டும். பெப்ரவரியில், செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது எலும்புகள் தென்பட்டன. தொடர்ந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன, குழந்தைகளும் இருந்தார்கள். பள்ளிப் பை, பொம்மை, செருப்பு, வளையல், துணித்துண்டுகள். ஓகஸ்ட் 5 அன்று அந்தப் பொருட்களை, யாராவது அடையாளம் காட்டுவார்களா என்று, நீதிமன்ற உத்தரவின் பேரில் பொதுமக்களுக்குக் காட்சிக்கு வைத்தார்கள். வயதான பெண்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

அந்தச் சட்டையை வாங்கிக் கொடுத்தவரும், அந்தச் செருப்பை அறிந்தவரும் எல்லோரும் யாழ்ப்பாணத்தில் இல்லை. சிலர் வென்வேர்த்வில்லிலும் டண்டினோங்கிலும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எண்பதைத் தாண்டியவர்கள். தமிழ் எழுத வராத இரண்டாம் தலைமுறைக்கும் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யத் தெரியும். கேள்விகளைத் திறந்தபடி கேட்கவேண்டும், 'நீலச் சட்டையா?' என்று எடுத்துக் கொடுக்கக் கூடாது. கண்டதையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியே குறிக்க வேண்டும். முரண்பட்டால் இரண்டையும் வைத்திருக்க வேண்டும். பழைய முறைப்பாட்டு இலக்கங்கள் பெட்டியடியில் கிடக்கும், அவற்றையும் படமெடுக்கலாம். பிரதி மூன்று போதும்: ஒன்று வீட்டில், ஒன்று செஞ்சிலுவைக்கு, ஒன்று ஊரில் வழக்கு நடத்தும் சட்டத்தரணிக்கு.