சடங்குக்கு ஒதுக்கிய ஐந்து சதுர மைல்: மாசாய் மக்களின் யூனோட்டோ, 1904 முதல் இன்று வரை

1904 ஆகஸ்டில் பிரித்தானியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் (இன்றைய கென்யா) ஆணையர் டொனால்ட் ஸ்டூவர்ட், மாசாய்த் தலைவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். ரிஃப்ட் பள்ளத்தாக்கின் செழிப்பான மேய்ச்சல் நிலங்களை வெள்ளையர் குடியேற்றத்துக்கு விட்டுவிட்டு, வடக்கே லைகிப்பியாவிலும் தெற்கே தொடர்வண்டிப் பாதைக்கு அப்பாலும் ஒதுக்கப்பட்ட இரு பகுதிகளுக்கு மாசாய் மக்கள் போய்விட வேண்டும் என்பது அதன் சாரம். அதில் ஒரு விதி மட்டும் வேறு மாதிரியானது. கினாங்கோப் மலைச்சரிவில் குறைந்தது 5 சதுர மைல், அதாவது சுமார் 13 சதுர கிலோமீட்டர், விருத்தசேதனச் சடங்குகளுக்காக மாசாய் வசமே இருக்கும். இடத்தை மாசாய்த் தலைவர்கள் லெகாலிஷுவும் மசிகொண்டியும் அடையாளம் காட்டுவார்கள். அத்தனை நிலத்தைப் பறிகொடுத்த நேரத்திலும் சடங்குக்கான இடத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

மாசாய்ச் சடங்குகளைப் பற்றி எழுதியவர்களில் பலர் செம்மண் பூச்சையும் எம்பிக் குதிக்கும் ஆட்டத்தையும் தாண்டிப் போவதில்லை. யூனோட்டோ சடங்கின் நூற்றாண்டு வரலாற்றைப் பின்தொடர்ந்தால் நாம் போய்ச் சேரும் இடம் நிலப் பதிவேடும் நிர்வாகக் கோப்பும்தான் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் சடங்கு. மாசாய் ஆண்களின் வாழ்க்கை வயதுக் குழுக்களாக அடுக்கப்பட்டது. விருத்தசேதனம் முடிந்த இளைஞர்கள் மொரான் எனும் வீரர்களாகிறார்கள். தாய்மார் துணையோடு தனிக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். மொரான் தனியாக உண்ணக் கூடாது. மணமான பெண்கள் கண்ணில் பட்ட இறைச்சியைத் தொடக் கூடாது. இரண்டு குழு மூத்த பெரியவர்கள், ஓல்பிரோன் எனப்படுவோர், இவர்களுக்குப் பொறுப்பாளர்கள். தீக்கடைகோலில் தீ மூட்டி ஒரு புதிய குழுவைத் தொடங்கி வைப்பவர்களும் அவர்களே. சில ஆண்டுகள் கழித்து வருவது யூனோட்டோ. வீரப் பருவத்தின் உச்சமும் அதுதான், முடிவின் தொடக்கமும் அதுதான். அதற்கும் பிறகு ஓல்ங்கெஷெர் என்ற சடங்கில்தான் முழுப் பெரியவர்களாகிறார்கள். அதுவரை வலது, இடது எனப் பிரிந்திருந்த உட்குழுக்கள் அதில் ஒன்றாகிப் பொதுப் பெயர் பெறுகின்றன.

யூனோட்டோவுக்கென்று தனியாக ஒரு கிராமமே எழும்பும். 49 வீடுகள் என்பது பலமுறை பதிவான கணக்கு. நடுவில் ஓசின்கிரா என்ற பெரிய சடங்குக் குடிசையைப் பெண்கள் கட்டி மாட்டுச் சாணம் பூசுவார்கள். மணமான பெண்ணோடு உறவு கொண்ட மொரான் அதற்குள் நுழைய முடியாது. ஊரறிய வெளியே நிற்க வேண்டும். கூடு என்ற மானின் சுருள் கொம்பு ஊதப்படும். ஆண்டுக்கணக்கில் வளர்த்து, கொழுப்பும் செங்காவியும் குழைத்துப் பூசிப் பின்னிய கூந்தலைத் தாயே மழிப்பாள். விருத்தசேதனத்தன்று அவன் உட்கார்ந்த அதே மாட்டுத்தோலில் அவனை உட்கார வைத்து, பாலும் தண்ணீரும் விட்டு முடியை நனைத்து, கத்தியை வைப்பாள். சிங்கத்தின் முன் நடுங்காதவன் என்று பெயரெடுத்தவன் இங்கே தேம்பி அழுவான். சிலருக்கு உடம்பு வெட்டி இழுக்கும், நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அதே சடங்கில் ஓலோதுனோ என்ற ஒருவனைத் தேர்ந்தெடுப்பார்கள். குறையற்றவனாகவும் நல்ல குடியில் பிறந்தவனாகவும் இருக்க வேண்டும். ஆனால் குழு முழுவதன் பாரமும் கெடுபலனும் அவன் தலையில் இறங்கும் என்ற நம்பிக்கை இருப்பதால், விரும்பி வருபவர் யாருமில்லை. பிடித்துத்தான் நிறுத்த வேண்டும். எல்லோரும் ஏங்கும் பதவிகளைப் பற்றியே படித்துப் பழகிய நமக்கு, எல்லோரும் ஓடி ஒளியும் இந்தப் பதவி புதிது.

இதற்குப் பின்னால் இருக்கும் அரசியலைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் மானுடவியலாளர் பால் ஸ்பென்சர். மாட்டபாட்டோ மாசாய் குறித்த அவரது நூல் 1988இல் வந்தது. மொரான் பருவம் நீளும்வரை இளைஞனுக்குக் கல்யாணம் இல்லை. இளம்பெண்கள் மூத்தவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் மனைவியராகிறார்கள். ஆக, யூனோட்டோ எப்போது நடக்க வேண்டும் என்ற கேள்வியில் பெரியவர்களின் ஆதாயமும் அடங்கியிருக்கிறது. லைபோன் என்ற குறிசொல்லியின் ஒப்புதலும் வேண்டும். சடங்கின் நாள் அதிகாரப் பேரத்தின் பொருளாக இருந்தது ஆங்கிலேயர் வருவதற்கு முன்பிருந்தே.

அந்தப் பேரத்தின் தராசைச் சாய்த்தது 1890களின் பேரழிவு. மாட்டுக் கொள்ளைநோய் மந்தைகளை அழித்தது. அம்மையும் பஞ்சமும் மனிதர்களை வாரிக்கொண்டு போயின. பெரிய லைபோன் ம்பாட்டியானி இறந்ததும் அவர் மகன்கள் லெனானாவும் செண்டேயோவும் மோதிக்கொண்டார்கள். லெனானா ஆங்கிலேயரோடு சேர்ந்தார்; அவர்கள் அவரையே மாசாய் அனைவருக்கும் தலைவராக்கினார்கள். குறி சொல்பவரை ஆட்சித் தலைவராக்கியது மாசாய் மரபில் இல்லாத வேலை.

மாசாய் இனம் இருக்கும்வரை செல்லும் என்று எழுதப்பட்ட 1904 உடன்படிக்கை 7 ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. பிரிந்து கிடக்கும் மக்களை ஒன்றுசேர்ப்பது என்ற காரணம் காட்டி, 1911இல் இரண்டாவது உடன்படிக்கையால் லைகிப்பியாவும் பறிக்கப்பட்டது. எதிர்த்து மாசாய் தரப்பு தொடுத்த வழக்கு 1913இல் தள்ளுபடியானது: மாசாய் அயல்நாட்டார் போன்றவர்கள், உடன்படிக்கை இரு அரசுகளுக்கு இடையிலானது, ஆகவே உள்ளூர் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்றது தீர்ப்பு. இதில் கவனிக்க வேண்டியது, 1911 உடன்படிக்கையும் கினாங்கோப் சடங்கு நிலத்தின் உரிமையைத் தொடவில்லை என்று தனியே எழுதிவைத்ததுதான். எழுத்தில் உரிமை இருந்தது. கினாங்கோப் மேட்டுநிலமோ வெள்ளையர் பண்ணைகளாகிக்கொண்டிருந்தது. சடங்குக்கு வர வேண்டியவர்கள் வெகுதூரம் தெற்கே விரட்டப்பட்டிருந்தார்கள்.

அடுத்த கட்டத்தில் நிர்வாகம் சடங்கின் மீதே கை வைத்தது. மாட்டுத் திருட்டுக்கும் கீழ்ப்படியாமைக்கும் மொரான் அமைப்புதான் காரணம் என்று முடிவு கட்டி, வீரர் குடியிருப்புகளைக் கலைப்பது, ஈட்டியையும் கேடயத்தையும் பறிப்பது, யூனோட்டோவை முன்கூட்டியே நடத்தச் செய்து பருவத்தைச் சுருக்குவது என இறங்கினார்கள். படைக்கு ஆள் எடுப்பு, பள்ளிக்குப் பிள்ளை பிடிப்பு, சாலை வேலை ஆகியவையும் சேர்ந்துகொண்டன. 1918, 1922, 1935 ஆகிய மூன்று ஆண்டுகளில் மொரான்கள் கிளர்ந்தெழுந்ததை வரலாற்றாசிரியர் ராபர்ட் டிக்னர் 1972இல் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மொரான் அமைப்பை ஒழிப்பதில் நிர்வாகம் தோற்றதற்கு வீரர்களின் பிடிவாதம் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தப் பெரியவர்களை வைத்து இளைஞர்களை அடக்க நினைத்தார்களோ, அந்தப் பெரியவர்களுக்கே மொரான் பருவம் நீள்வதில் ஆதாயம் இருந்தது. தடை போட்டவர்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை.

விடுதலைக்குப் பிறகும் அரசுகளின் மனம் பெரிதாக மாறிவிடவில்லை. தான்சானியாவில் 1960களின் இறுதியில் மாசாய் மக்களின் உடைக்கும் செங்காவிப் பூச்சுக்கும் எதிராக ஓர் இயக்கமே நடத்தப்பட்டது. வெட்கப்பட வேண்டிய பழைய கோலம் என்பது அதிகாரிகளின் பார்வை.

கென்யாவில் மாற்றம் வேறு வழியில் வந்தது. சிங்கத்தைக் கொன்றவன் அதன் பிடரிமயிரைத் தலையணியாகச் சூடி யூனோட்டோவில் நிற்பது பெரும் பெருமை. 1977இல் வேட்டை தடைசெய்யப்பட்டது. ஆனாலும் ஒளிவுமறைவாகத் தொடர்ந்தது. 2007இல் அம்போசெலி வட்டாரத்தில் மொரான்களையே சிங்கக் காவலர்களாக வேலைக்கு எடுக்கும் திட்டம் தொடங்கியது. சிங்க வேட்டைக்கு மாற்றாக 2012 டிசம்பரில் முதல் மாசாய் ஒலிம்பிக்ஸ் நடந்தது: ஓட்டம், ஈட்டி எறிதல், உயரம் தாண்டுதல். மூத்தோரின் சம்மதத்தோடு நடந்ததால்தான் இது எடுபட்டது. காலனி அதிகாரிகள் துப்பாக்கி முனையில் செய்ய முயன்று முடியாததை, இந்த முயற்சிகளை நடத்தியவர்கள் பெருமைக்கு வேறொரு களம் கொடுத்துச் செய்தார்கள்.

இன்றைய நெருக்கடி, தடைச்சட்டத்தால் வந்ததல்ல. 1968இல் வந்த சட்டம் மாசாய் பொதுநிலங்களைக் கூட்டுப் பண்ணைகளாகப் பதிவு செய்தது. 1980களிலிருந்து அந்தப் பண்ணைகள், முக்கியமாகத் தெற்குக் கென்யாவின் கஜியாடோவில், தனித்தனிப் பட்டாக்களாகத் துண்டாடப்பட்டன. பட்டா வந்த கையோடு விற்பனை, விற்பனையோடு வேலி. ஒரு குழுவின் மொரான்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடும் மாடுகளோடும் கூடித் தங்க வேண்டிய சடங்குக்கு எந்தத் தனியார் பட்டாவிலும் இடமில்லை. பள்ளி நாட்காட்டியும் நெருக்குகிறது. பல இடங்களில் விடுமுறை வாரங்களுக்குள் சடங்கை முடிக்க வேண்டியிருக்கிறது.

2018இல் மொரீஷியசில் கூடிய யுனெஸ்கோ குழு, விருத்தசேதனத்துக்கு முன் சிறுவர்களுக்கு நடக்கும் எங்கிபாட்டா, யூனோட்டோ, ஓல்ங்கெஷெர் ஆகிய மூன்று சடங்குகளையும் உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இந்த அங்கீகாரத்தால் ஆவணங்கள் பெருகும், நிதியும் வரலாம், நிலம் வராது. அந்த வகையில் யூனோட்டோவுக்குக் கூடுதல் பயன் தரக்கூடியது, சமூகங்கள் தம் பொதுநிலத்தைத் தம் பெயரிலேயே பதிவு செய்ய வழிவிட்ட கென்யாவின் 2016ஆம் ஆண்டுச் சமூக நிலச் சட்டம் என்பது என் கணிப்பு. வேலி விழுந்துவிட்ட கஜியாடோவின் பல பகுதிகளுக்கு அது காலம் கடந்து வந்த சட்டம். இன்னும் பிரிக்கப்படாத பொதுநிலங்களில் மட்டுமே அதனால் ஏதாவது செய்ய முடியும்.