கேட்டல் மெய்யியல்

ஒலி என்பது என்ன, இசை எதனால் இசையாகிறது, கேட்கும்போது மனம் என்ன செய்கிறது ஆகியவற்றை ஆராயும் துறை. பண்டைய கிரேக்கத்தில் பித்தாகரஸ் வழிவந்தோர் இசையின் ஒழுங்கை எண்ணில் கண்டனர்: தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஸ்தாயி, மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம். அரிஸ்டாட்டிலின் மாணவர் அரிஸ்டாக்சீனஸ் (கி.மு. 4ஆம் நூற்றாண்டு) இதை மறுத்தார். சுரங்களின் உறவை முடிவு செய்ய வேண்டியவை காதும் நினைவுமே, கணக்கு அல்ல என்றார். பின்னாளில் எழுந்த வாதங்கள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

இடைக்கால ஐரோப்பியக் கல்வி, ரோமானிய மெய்யியலாளர் போயத்தியஸைப் பின்பற்றி எண்ணின் பக்கமே நின்றது. 1854இல் வியன்னாவின் இசைத் திறனாய்வாளர் எடுவார்ட் ஹான்ஸ்லிக், இசையின் அழகு அது கிளப்பும் உணர்ச்சியில் இல்லை, ஒலிகளின் வடிவத்திலேயே உள்ளது என்று வாதிட்டார். 1863இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியுணர்வை உடலியல் ஆய்வாக்கினார்.

பெரிய திருப்பம் 1948இல் பாரிஸ் வானொலி நிலையத்தில் நிகழ்ந்தது. அங்கே பொறியாளராக இருந்த பியேர் ஷேஃபேர், மணியோசையைப் பதியும்போது அடி விழும் கணத்தை நீக்கிவிட்டார். எஞ்சிய ஒலி மணியாகவே கேட்கவில்லை. ஓபோ என்னும் துளைக்கருவியை ஒத்திருந்தது. இசைத்தட்டின் பள்ளத்தை வட்டமாக மூடி, ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டும் பார்த்தார். எங்கிருந்து வருகிறது என்பதை விட்டுவிட்டு ஒலியை ஒலியாகவே கேட்க முடியும் என்ற முடிவுக்கு இச்சோதனைகள் அவரைக் கொண்டுசென்றன. அனுபவத்தை அது தோன்றும் விதத்திலேயே ஆராயும், ஜெர்மன் மெய்யியலாளர் ஹுஸர்லின் நிகழ்வியலைத் துணைகொண்டு இதை விரித்து எழுதிய பெருநூல் 1966இல் வெளிவந்தது. கேட்டலையே ஆய்வுப்பொருளாக்கியதில் இதற்கு இணையான நூல் அரிது.

ஆனால் மூலத்தை மறந்து கேட்பது ஒலிப்பதிவுக்கூடத்தில் முடியும். தெருவில் அது கடினம், சில வேளை ஆபத்தும்கூட. கனடாவின் இசையமைப்பாளர் மர்ரே ஷேஃபர் எதிர்த்திசையில் சென்றார். சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் ஊர்களின் ஒலிகளை இடத்தோடு சேர்த்துப் பதிவு செய்தார். அவருடைய ஓரிடத்தின் ஒலிகள் அனைத்தையும் ஒரே சூழலாகக் காணும் ‘ஒலிநிலம்’ என்ற கருத்து 1977இல் வெளிவந்த நூலால் உலகெங்கும் பரவியது. கேட்கும் பழக்கத்துக்கே வரலாறு உண்டு என்பதை 2003இல் ஆய்வாளர் ஜோனதன் ஸ்டெர்ன் நிறுவினார். ஸ்டெதாஸ்கோப் வந்தபின் மருத்துவர்கள் நெஞ்சொலியைப் பிரித்துக் கேட்கப் பயின்றது அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று.

ஷேஃபேரின் பெருநூல் ஆங்கிலத்தில் முழுமையாகக் கிடைத்தது 2017இல்தான்.